அந்த வெந்நீர் வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் குளிர்காலத்தில் வரும் தோல் தொல்லைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உதட்டு வெடிப்பு, பித்தவெடிப்பு, தோல் வறட்சி, பொடுகு என்று எல்லாம் இருந்தது, நல்ல பக்கம்தான், ஆனால் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் "கை கால் விரல்கள் குளிரில் விறைத்துப்போனால் சூடான நீரில் வைத்து எடுங்கள்" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். உங்கள் பக்கம் வருவதற்கு முன்பே நானும் அதைத்தான் செய்தேன். குளிரும் ஈரமும் பட்டு விரல் வீங்கி அரிக்கிற ஒரு தொல்லை, இரண்டு மூன்று வாரத்தில் ஆறியிருக்க வேண்டியது, எனக்கு இரண்டு மாதம் இழுத்தது.

நான் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி கட்டுகிற வேலை பார்க்கிறேன். நாங்கள் நிற்கும் கூடத்தில் 4, 5 டிகிரிதான் இருக்கும், உறைகிற குளிர் இல்லை. ஆனால் தரை எந்நேரமும் நனைந்தே கிடக்கும். ரப்பர் பூட்ஸுக்குள் வெளியிலிருந்து தண்ணீர் வராவிட்டாலும் உள்ளே வியர்வை சேர்ந்து, இரண்டு மணி நேரத்தில் சாக்ஸ் ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். வேலை நேரத்தில் ஒன்றும் தெரியாது, கால் மரத்துப்போயிருக்கும், அவ்வளவுதான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போர்வைக்குள் காலை நுழைத்த பிறகுதான் ஆரம்பிக்கும். முதலில் நமைச்சல், அப்புறம் மிளகாய் பட்ட மாதிரி எரிச்சல், அப்புறம் போர்வை உரசினால்கூடத் தாங்காத வலி. ஒருநாள் ராத்திரி செல்போன் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். இடது காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் உப்பி, மேல் தோல் இழுத்துக் கட்டினது போல மினுமினுவென்று இருந்தது. நகத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கருஞ்சிவப்பு, அதைச் சுற்றிக் கன்றிப்போன கத்தரிப்பூ நிறம். பெருவிரலுக்கு ஒன்றுமே இல்லை.

மறுநாள் மருந்துக்கடையில் காட்டினேன். ஈரத்தில் நிற்கிற கால் என்றதும் சேற்றுப்புண் என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்கள். அதில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, ஸ்டீராய்டு ஒன்று என்று எல்லாம் கலந்திருந்தது என்பது பிறகு மருத்துவர் உறையைப் படித்துச் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். முதல் நாலு நாள் அரிப்பு கொஞ்சம் அடங்கியது, சரி கேட்கிறது என்று ஒரு மாதம் தடவினேன். தோல் மெலிந்ததுதான் மிச்சம், விரல் உப்பினது உப்பினபடியே இருந்தது. கூட வேலை பார்க்கிற அக்கா ஒருவர், குளிரில் வந்தது குளிரை எடுத்தால் போய்விடும், வெந்நீரில் வை என்றார். அவர் சொன்னது நல்ல மனசோடுதான். பொறுக்கிற சூட்டில் பக்கெட்டில் ஊற்றிக் காலை வைத்தேன், மரத்துப்போன காலுக்கு அது எவ்வளவு சூடு என்றே தெரியவில்லை. பத்து நிமிடம் சொர்க்கம் மாதிரி இருந்தது. ராத்திரி அந்த இரண்டு விரலிலும் கொப்புளம். மூன்றாம் நாள் அது உடைந்து புண்ணாகிவிட்டது.

தோல் மருத்துவரிடம் போனபோது அவர் களிம்பைப் பற்றிக்கூட முதலில் கேட்கவில்லை. நாள் முழுக்கக் கால் எதற்குள் இருக்கிறது, அரிப்பு எந்த நேரத்தில் தொடங்குகிறது, இந்த இரண்டு கேள்விதான். நான் சொல்லி முடிப்பதற்குள் "இது சில்பிளெயின்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயரைக் கேட்டேன். மருத்துவப் புத்தகத்தில் பெர்னியோ என்று இருக்குமாம். பேச்சில் புழங்குகிற மாதிரி ஒரு பெயர் தமிழில் இதற்கு இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் பெயர் இல்லாத நோய் பக்கத்து நோயின் பெயரை எடுத்துக்கொள்கிறது, அந்த நோயின் மருந்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. ஈரத்தைப் பார்த்தவர் சேற்றுப்புண் என்கிறார், குளிரைப் பார்த்தவர் பனிக்கடி என்கிறார், அரிப்பைப் பார்த்தவர் ஒவ்வாமை என்றோ பூச்சிக்கடி என்றோ சொல்லிவிடுகிறார். இந்தக் கடிதத்தில் நான் குளிர்த்தடிப்பு என்று எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் அதைப் போடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

பனிக்கடி வேறு, இது வேறு. பனிக்கடி என்பது உறைநிலைக்குக் கீழே போகிற குளிரில் தோலும் சதையும் நிஜமாகவே உறைந்துபோவது. அந்த இடம் வெளிறி, மெழுகு மாதிரி கெட்டியாகி, தொட்டால் உணர்ச்சியே இருக்காது, அது அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய விஷயம். குளிர்த்தடிப்புக்கு உறைகிற குளிரே தேவையில்லை. 0 டிகிரிக்கு மேலே, 15 டிகிரி வரைக்கும்கூட, ஈரமும் சேர்ந்தால் வந்துவிடும். உங்கள் பக்கத்தில் வந்த வெந்நீர் யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. பனிக்கடிக்கு மருத்துவமனையில் வெதுவெதுப்பான நீரில் வைத்து உறைந்த இடத்தை இளக்குவார்கள், அது இங்கே வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கேகூட அந்த நீர் 37லிருந்து 39 டிகிரி வரைதான், ஏறக்குறைய நம் உடம்புச் சூடு. "சூடான நீர்" என்று அச்சில் படிக்கிறவர் அப்படியா எடுத்துக்கொள்வார்? அடுப்பில் காய்ச்சி எடுத்த நீரைத்தான் நினைப்பார்.

அந்தச் சூடு ஏன் கெடுதல் என்று மருத்துவர் எனக்கு ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். குளிர் பட்டால் உடம்பு தன் நடுப்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ள விரல்நுனிகளுக்குப் போகிற சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், இது எல்லாருக்கும் நடப்பது. திரும்பச் சூடு வரும்போது அவை மெல்ல விரிந்தால் பிரச்சினை இல்லை. சிலருக்கு இந்தச் சுருக்கம் அளவுக்கு மீறி நடக்கிறது, அதற்கு மேல் சட்டென்று சூடு காட்டினால் ரத்தத்தைக் கொண்டுவருகிற குழாய் திறந்துவிடுகிறது, வாங்கிக்கொண்டு போக வேண்டிய நுண்ணிய குழாய்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை, அதனால் நீர் கசிந்து சுற்றியிருக்கிற சதைக்குள் இறங்கி அழற்சியாகிறது. வீக்கமும் எரிச்சலும் அதுதான். எனக்குப் போர்வைக்குள் போன பிறகே அரிப்பு தொடங்கியதற்கும் காரணம் அதுவே. குளிர்பட்ட உடனே தடிப்பு வர வேண்டும் என்பதும் இல்லை, பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் 12லிருந்து 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். அதனால்தான் நேற்றைய குளிரையும் இன்றைய அரிப்பையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஈரத்தைப் பற்றி ஒன்று. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த சாக்ஸ் போட்ட கால் எவ்வளவு சூட்டை இழக்கும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். காய்ந்த கடுங்குளிர் அடிக்கிற இடங்களில், வீட்டைச் சூடாக வைத்து, தகுந்த உடுப்பும் போட்டுக்கொள்கிறவர்களைவிட, மிதமான குளிரும் ஈரமும் சேர்ந்த இடங்களில் இருக்கிறவர்களுக்கே இந்தத் தடிப்பு அதிகம் வருவது இதனால்தான். "எனக்கென்ன, நான் பனி பெய்கிற ஊரிலா இருக்கிறேன்" என்று யாரும் இருந்துவிட முடியாது. குளிர்கிடங்கு, இறைச்சி, மீன் பதப்படுத்துகிற இடம், விடியற்காலையில் ஈர வயல், தண்ணீரிலேயே கை வைத்திருக்கிற வேலை, எல்லாமே இதில் வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், இடத்தைப் பாருங்கள், நேரத்தைப் பாருங்கள். கால் விரல்களின் மேல்பக்கமும் ஓரமும், கை விரல்கள், குதிகால், காது மடல், மூக்கு நுனி, இவைதான் வழக்கமான இடங்கள். இறுக்கமான கால்சட்டை போட்டுக் குளிரில் குதிரை ஓட்டுகிறவர்களுக்குத் தொடையில்கூட வரும் என்று மருத்துவர் சொன்னபோது ஆச்சரியமாக இருந்தது. சேற்றுப்புண் விரல் இடுக்கில்தான் தொடங்கும், தோல் வெளுத்து ஊறி உரியும், நாற்றமும் இருக்கும். குளிர்த்தடிப்பு இடுக்கை விட்டுவிட்டு விரலின் முதுகில் உட்காரும், தோல் உரியாது, இழுத்துக் கட்டினது போல வீங்கும், அழுத்தினால் வலிக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் எனக்கு அந்த ஒரு மாதக் களிம்பு மிச்சம்.

நிறம்தான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. எங்கே படித்தாலும் "சிவந்த தடிப்பு" என்று போட்டிருக்கும், படமும் வெள்ளைத் தோலில் எடுத்த படமாக இருக்கும், அதில் ரோஜா நிறத்தில் பளிச்சென்று தெரியும். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அப்படித் தெரியாது. சுற்றியிருக்கிற தோலைவிட ஒரு படி கூடக் கறுத்தோ, ஊதா கலந்தோ, சாம்பல் பூத்தது போலவோ இருக்கும். சிவப்பைத் தேடினால் கிடைக்காது. வீக்கத்தையும் மினுமினுப்பையும் தேடுங்கள், இரண்டு கால் விரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நல்ல விரலோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். இரவு பல்பு வெளிச்சத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, காலையில் ஜன்னல் ஓரம் பார்த்தபோதுதான் இன்னொரு விரலுக்கும் பரவியிருப்பது தெரிந்தது.

வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் ஈரத்தைக் கழற்றுங்கள். காலைத் துணியால் ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். உலர்ந்த, தளர்வான சாக்ஸ் போட்டு, அறையின் சூட்டிலேயே மெல்ல மெல்லச் சூடேற விடுங்கள். ஹீட்டருக்கு முன்னால் நீட்டுவது, வெந்நீர்ப் பை வைப்பது, நெருப்பில் காட்டுவது, தைலம் போட்டுப் பரபரவென்று தேய்ப்பது, எதுவும் வேண்டாம். அரித்தால் சொறியாதீர்கள், இது சொல்ல லேசு, செய்யக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நான் சாக்ஸுக்கு மேலேயே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் சொறிந்து தோல் கிழிந்தால் கிருமி ஏறிவிடும். தோல் உடையாமல் இருந்தால் வாசனை இல்லாத சாதாரண ஈரப்பதக் களிம்பு தடவலாம். வலிக்குப் பாரசிட்டமால் போதும். அரிப்பு தாங்காவிட்டால் சில நாளைக்கு மட்டும் ஸ்டீராய்டு களிம்பு கொடுப்பார்கள், அது மருத்துவர் எழுதிக் கொடுத்து, எத்தனை நாள் என்று சொல்லித் தடவ வேண்டியது, என்னைப் போலக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் பூசுவது அல்ல. திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு நிஃபெடிபின் என்கிற மாத்திரை உண்டு, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற அதே மருந்து, சின்னக் குழாய்களை விரித்துவிடும். தலைவலி, முகம் சூடாவது, கணுக்கால் வீக்கம், எழுந்தால் தலைசுற்றல் என்று அதற்கும் தொந்தரவுகள் உண்டு, எனவே வேறு யாருக்கோ கொடுத்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

திரும்பவும் குளிரில் நனையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறிவிடும், தழும்பும் இருக்காது. அந்த "நனையாமல்" என்பதுதான் எங்களைப் போல வேலை பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாடு. நான் இப்போது பையில் மூன்று ஜோடி சாக்ஸ் கொண்டுபோகிறேன், ஒவ்வொரு இடைவேளையிலும் மாற்றுகிறேன். குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் மாட்டி இறுக்கமான பூட்ஸுக்குள் காலைத் திணிக்கிற தப்பை நானும் செய்திருக்கிறேன், அது இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் நெருக்கிவிடும். ஒரு அளவு பெரிய பூட்ஸ், ஒரே ஒரு கம்பளிச் சாக்ஸ், உள்ளே விரல் அசைகிற இடம், அதுதான் சரி. ராத்திரி பழைய நாளிதழைக் கசக்கி பூட்ஸுக்குள் திணித்து வைத்தால் காலைக்குள் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, உங்கள் தாள்தான் எனக்கு அதற்கும் உதவுகிறது. கால் மட்டும் போதாது, நெஞ்சும் முதுகும் தலையும் சூடாக இருந்தால்தான் உடம்பு விரலுக்கு ரத்தத்தை விடும். சிகரெட் பிடிக்கிறவர்கள் அதை விட்டே ஆக வேண்டும், நிகோடின் அந்தச் சின்னக் குழாய்களை இன்னும் சுருக்கும். பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு விரல்கள் சில்லிட்டுப்போகும் தொந்தரவு கூடலாம், ஆனால் தானாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

இனி நான் சொல்வதை மட்டும் தயவுசெய்து சுருக்காமல் போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், சூடு தெரியாது, வெந்நீரில் வைத்தால் வெந்துபோவதுகூடத் தெரியாமல் போகும், புண் வந்தால் ஆறாது. மற்றவர்களும் தோல் உடைந்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிவப்போ கறுப்போ மேலே பரவினாலோ உடனே போக வேண்டும். மூன்று வாரத்தில் ஆறாவிட்டாலும், குளிரே இல்லாத காலத்தில் வந்தாலும் காட்ட வேண்டும், ஏனென்றால் அப்போது இது வேறு ஒன்றின் அறிகுறியாக இருக்கலாம். என் மருத்துவர் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார், கை விரல்கள் குளிரில் முதலில் வெளுத்து, பிறகு நீலம் பூத்து, பிறகு சிவக்குமா என்று கேட்டார், அது ரேனோ என்கிற வேறு தொல்லை, 1862லேயே மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தது. மூட்டு வலி உண்டா, வாயில் புண் வருமா, வெயிலில் போனால் முகம் தடிக்குமா என்றும் கேட்டார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற லூபஸ் என்கிற நோய் சிலருக்கு விரலில் இதே மாதிரி தடிப்பாகவும் காட்டும். எனக்கு ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விகளை மருந்துக்கடையில் யாரும் கேட்டிருக்க முடியாது. 2020ல் கொரோனா பரவியபோது குளிரில் போகாத பிள்ளைகளுக்குக்கூடக் கால் விரல் இப்படி வீங்கி உலகம் முழுக்கப் பேசப்பட்டது உங்கள் வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

வேலை இடத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை, அது தனிக் கடிதம். ஒன்று மட்டும். முதல் உலகப் போரில் ஈரமான பதுங்குகுழியில் நாள் கணக்கில் நின்ற சிப்பாய்களுக்குக் கால் அழுகிப்போனபோது, இது குளிர்த்தடிப்பைவிடக் கொடிய வேறு நோய், ராணுவத்தில் சாக்ஸ் மாற்றுவதையும் காலைத் துடைப்பதையும் உத்தரவாகவே போட்டார்கள். நூறு வருடம் கழித்து எங்கள் கூடத்தில் சாக்ஸ் மாற்ற உட்கார ஒரு பெஞ்சு இல்லை. நான் பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் மாற்றுகிறேன், அதற்கும் மேற்பார்வையாளர் முகம் சுளிக்கிறார்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இரண்டு. அந்தக் கட்டத்தில் வந்த வரியை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்திப் போடுங்கள், "சூடான நீர்" என்பதை எடுத்துவிட்டு "உலர்த்தி, மெல்லச் சூடேற விடுங்கள்" என்று போட்டாலே போதும். அப்புறம், ஒரு தோல் மருத்துவரைக் கேட்டு, நம் நிறத் தோலில் குளிர்த்தடிப்பு எப்படி இருக்கும் என்று ஒரு நல்ல வண்ணப் படம் போடுங்கள், பக்கத்திலேயே சேற்றுப்புண் படம் ஒன்றும். படம் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என் கால் விரல்களை முதல் வாரத்திலும் கொப்புளம் உடைந்த பிறகும் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து வைத்திருக்கிறேன், பெயர் போடாமல் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குளிர்கிடங்கில் வேலை பார்க்கும் உங்கள் வாசகி